காப்புக் கொத்திலிருந்து உதிர்ந்த விதை

எங்கள் ஊர்ப் பக்கம் போகி அன்று வீட்டுக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசல் நிலை, மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு, வயல் மூலை என்று ஒவ்வோர் இடமாகச் செருகிக்கொண்டே போவார்கள். அரூரை ஒட்டிய சின்ன ஊர் அது. நான் பெங்களூருக்கு வந்து 16 வருடம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. கிணறும் இல்லை, வயலும் இல்லை. ஆனாலும் காப்பு உண்டு. போகிக்கு முந்தின நாள் சாயந்திரம், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் மார்க்கெட் ஓரமாகச் சாக்கு விரித்து இந்தக் கொத்துகளை விற்பார்கள். ஒன்று வாங்கிவந்து வாசலுக்கு மேலே, கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் கட்டிவிடுவேன்.

ஊரில் காப்பை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். தானாகக் காய்ந்து உதிரும்வரை அங்கேயே இருக்கும். 2019 போகிக்குக் கட்டியதை நானும் அப்படியே விட்டுவிட்டேன். அதற்கு நேர் கீழே துளசித் தொட்டி. ஜூன் மழை பிடித்ததும் துளசியைச் சுற்றிக் கீரை நாற்று மாதிரி ஏழெட்டு முளைகள் வந்தன. களை என்று நினைத்துக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே இரண்டு மூன்றாகப் பிடுங்கிப் போட்டேன். தொட்டி விளிம்பை ஒட்டி, கை போகாத இடத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பித்தது. ஆகஸ்டில் அது ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. இலையிலும் தண்டிலும் மெல்லிய வெள்ளை ரோமம். செப்டம்பர் கடைசியில் இலை கிளம்பும் இடத்திலெல்லாம் பஞ்சைத் திரித்து வைத்த மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ வைத்தது. அதை விரலால் தொட்டதும்தான் எனக்குத் தெரிந்தது.

பூளை. பொங்கலுக்குப் பொங்கல் என் கையாலேயே கட்டிய செடி. எனக்கு அதன் பூ மட்டும்தான் தெரிந்திருக்கிறது. முளையாகவும் நாற்றாகவும் என் வாசலிலேயே வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் பிடுங்கி எறிந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஆணியில் காய்ந்து தொங்கிய கொத்தைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினேன். பஞ்சுத் துணுக்குகளோடு கறுப்பாக, பளபளவென்று, கடுகைவிடப் பொடியாக விதைகள் உதிர்ந்தன. கீரை விதை எப்படி இருக்குமோ அப்படி, ஆனால் இன்னும் சின்னது. நாற்று கீரை மாதிரி தெரிந்ததில் தப்பில்லை. பூளையும் தண்டுக்கீரையும் ஒரே குடும்பம். உருவத்தை வைத்துக் குடும்பத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறேன். அது யாருடைய பிள்ளை என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

அந்த விதைகளை ஒரு கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு மேலே தேதி எழுதி வைத்தேன். இப்போது அலமாரியில் இரண்டு பிஸ்கட் டின் நிறைய உறைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பெயர் தெரியாமல் எடுத்தவை.

பெங்களூரில் காட்டுச்செடி தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. போகவும் கூடாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் ஒரு விதையைக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். நான் அதை மனமாரச் சரி என்று நினைப்பவன். அங்கே விழும் விதைக்கு அங்கேயே வேலை இருக்கிறது. நான் பொறுக்குவதெல்லாம் லேஅவுட்டுக்குள் கிடக்கும் காலி சைட்டுகளிலும் தெருவோரத்திலும்தான். இங்கே ஒரு மனை வாங்கிப் பத்து வருடம் வீடு கட்டாமல் போட்டுவைப்பார்கள். அந்தப் பத்து வருடத்தில் அங்கே ஒரு குட்டிக் காடு உண்டாகிவிடும். தும்பை, துத்தி, குப்பைமேனி, எருக்கு, ஊமத்தை, நெருஞ்சி, கொவ்வைக்கொடி என்று நம் ஊர்க் கொல்லைமேட்டில் இருக்கும் எல்லாம் ஒரு 30க்கு 40 சைட்டுக்குள் இருக்கும்.

எடுக்கும்போது செடியில் இருப்பதில் கொஞ்சம் மட்டும் எடுப்பேன். காய் தானாக நிறம் மாறி, காய்ந்து, தொட்டால் உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். பச்சையாகப் பறித்துக் காயவைத்தால் பெரும்பாலும் பதர்தான். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், காகிதம்தான் சரி. உறையின் மேல் எந்தத் தெரு, என்ன தேதி, கொடியா புதரா, பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதுவேன். முடிந்தால் அதே செடியின் ஒரு சின்னக் கிளையை இலையோடும் காயோடும் தினசரித் தாளுக்குள் வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றிவிடுவேன். ஆறு மாதம் கழித்துத் தொட்டியில் வளர்ந்து நிற்பதை ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும். அவரை, கொன்றை வகைக் காய்களில் பாதி விதைகளில் வண்டு துளைத்திருக்கும். உறைக்குள் போகும் முன்பே அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடாவிட்டால் மீதியையும் தின்றுவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் நர்சரியில் வாங்கலாமே என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். வாங்கினேன். பூளை வந்தாயிற்று, ஆவாரையும் வீட்டிலேயே இருந்தால் காப்புக்கு வெளியே போக வேண்டாம் என்று ஒரு நர்சரியில் ஆவாரை கேட்டேன். மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடியைக் கொடுத்தார்கள். எட்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். பூத்தது, பூவும் மஞ்சள்தான். ஆனால் ஆவாரை இல்லை, தெருவில் அழகுக்கு வைக்கும் அதன் உறவுக்காரச் செடி. ஆவாரையாக இருந்திருந்தால் பூக்கும்வரை காத்திருக்கவே வேண்டாம். கூட்டிலை தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி வட்டமாக ஒரு சின்ன இலை ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் ‘ஆரிகுலேட்டா’ என்ற சொல்லுக்கே காதுள்ளது என்றுதான் பொருள். காய் தட்டையாக, பழுப்புக் காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனிப் பை. இதெல்லாம் அந்தத் தவறான செடியை வாங்கிய பிறகு, ஓசூர் சாலையோரத்தில் நிஜமான ஆவாரையின் காய்களைப் பறித்து வந்து வளர்த்தபோது தெரிந்துகொண்டவை. விதையிலிருந்து வளர்ப்பவன் முதல் இலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் வேறு செடியைக் காட்டி இதுதான் ஆவாரை என்று சொல்ல முடியாது.

ஆனால் நான் எழுத வந்தது ஒரு கொடியைப் பற்றி.

2021 ஜனவரியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரு வீடுகளுக்கு நடுவே கிடந்த ஒரு சைட்டின் முள்கம்பி வேலியில் காய்ந்துபோன கொடி ஒன்று சுற்றிக் கிடந்தது. இலை ஒன்றுகூட மிச்சமில்லை. தண்டு முழுக்க நீட்டி நிற்கும் முரட்டு ரோமம். ஆங்காங்கே ரோமம் அடர்ந்த சருகுக் கிண்ணங்கள். அவற்றுக்குள் பட்டாணி அளவில் வெடிகனிகள். ஒன்றை நசுக்கினால் நான்கு விதைகள். ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை போல இரண்டு பக்கம் தட்டையாகவும் முதுகு வளைந்தும் இருந்தது. சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் விதையின் மேலேயே மெல்லிய பூம்பட்டு. இலையும் பூவும் இல்லாத செடியை யாரிடம் காட்டி என்ன பெயர் கேட்பது? பத்திருபது விதைகளை உறையில் போட்டு, ‘ரோமக் கொடி, முள்கம்பி வேலி’ என்று எழுதினேன்.

மே மாதம் முதல் நல்ல மழைக்குப் பிறகு பத்து விதைகளைத் தயிர் கப்பில் போட்டேன். அடியில் நான்கு ஓட்டை, பாதி செம்மண், பாதி ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், அசைவே இல்லை. கிளறிப் பார்த்தால் போட்டபடியே இருந்தன. அழுகவும் இல்லை, உப்பவும் இல்லை. நகத்தால் அழுத்தினால் கல்.

எங்கள் தெருமுனைப் பார்க்கில் தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பர்கூர்ப் பக்கம். என்னிடம் தமிழ், மற்றவர்களிடம் கன்னடம், செடிகளிடம் இரண்டும். அவரிடம் விதைகளைக் காட்டினேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “இது ஓடு கட்டின விதை தம்பி. சும்மா போட்டா இந்த வருசமும் வராது, அடுத்த வருசமும் வராது. உப்புத்தாள் இருக்கா? முதுகுப் பக்கம் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ராவெல்லாம் தண்ணியில போடுங்க.”

“எந்தப் பக்கம்ங்க ஐயா?”

“தழும்பு இருக்கற பக்கம் கைய வைக்காதீங்க. அங்கதான் மொளை இருக்கும்.”

கார்ப்பென்டரிடம் ஒரு துண்டு உப்புத்தாள் வாங்கிவந்தேன். வளைந்த முதுகில் ஏழெட்டுத் தேய்ப்பு. சாம்பல் தோல் போய் உள்ளே வெளுப்பாக ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தேய்த்த ஆறும் தேய்க்காத நான்கும் இரண்டு தம்ளர்களில் தண்ணீருக்குள் போயின. மறுநாள் காலை பார்த்தபோது தேய்த்த ஆறும் ஒன்றுக்கு இரண்டாக உப்பி, தோல் விரிந்து, வெளிர் மஞ்சளாகக் கிடந்தன. தேய்க்காத நான்கும் நேற்று எப்படியோ அப்படியே.

அந்த இரண்டு தம்ளர்களையும் பார்த்தபடி நான் காபி குடிக்க மறந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. தாளி வகைக் கொடிகள், அவரை, கொன்றை, குன்றிமணி, துத்தி இவற்றின் விதைகளுக்கெல்லாம் தண்ணீர் உள்ளே போகாத மேல்தோல் உண்டு. வெயில் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டு அந்தத் தோலில் ஓரிடம் இளக வேண்டும்; இல்லாவிட்டால் மண்ணில் உரசித் தேய வேண்டும்; சிலவற்றுக்கு ஒரு மிருகத்தின் வயிற்றுக்குள் போய் வர வேண்டும். ஒரே காயின் விதைகளிலேயே ஒன்று இந்த வருடம் இளகும், இன்னொன்று மூன்று வருடம் கழித்து. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும். ஏப்ரலில் ஒரு மழை அடித்துவிட்டுப் போகும். மண் நனைந்து ஊரே மணக்கும். அதை நம்பி எல்லா விதையும் எழுந்துவிட்டால், அடுத்து இரண்டு வாரம் காயும் வெயிலில் எல்லா நாற்றும் கருகிவிடும். அதோடு அந்த வேலியில் அந்தக் கொடியின் கதை முடிந்தது. மண்ணுக்குள் அசையாமல் கிடந்த விதைகளை நான் செத்தவை என்று எடுத்து எறிந்திருந்தால் எவ்வளவு பெரிய தப்பு செய்திருப்பேன்!

நான்காம் நாள் முளைத்தது. விதையிலை இரண்டு. ஆனால் ஒவ்வொன்றும் நுனியிலிருந்து ஆழமாகப் பிளந்து, திறந்த கத்தரிக்கோல் மாதிரி இரு கொம்பாக நின்றது. இதை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். சின்ன வயதில் வீட்டு வேலியில் சிவப்பாகப் பூக்கும் மயில்மாணிக்கம், அதன் முளை இப்படித்தான் இருக்கும். சரி, இதுவும் அந்த வகையறாதான், தாளிக் குடும்பம். பூ வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, பத்துப் பைசா அகலமுள்ள இரண்டு விதையிலைகள் இவ்வளவையும் சொல்லிவிட்டன.

விதையிலைகளைப் பார்க்கப் பழகுவது இந்த வேலையில் பாதி. முதல் இலைகள் வளர்ந்த செடியின் சாயலில் இருக்கவே இருக்காது. வேல மரங்களின் நாற்றில் முதல் இலை ஒருமுறை மட்டும் பிரிந்த கூட்டிலையாக வரும். இலைக்குள் இலை பிரியும் அந்தப் பழகிய வடிவம் அதற்கடுத்த இலைகளில்தான் வரும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் பூவும் காயும் இருந்தால் நன்றாகவே சொல்கின்றன. நாற்றைக் காட்டினால் தடுமாறுகின்றன. என்னுடைய கொடியை ஒரு நாள் முசுமுசுக்கை என்றது, இன்னொரு நாள் ஆமணக்கு என்றது. அதனால் நான் ஒவ்வொரு முளையையும் விதையிலைப் பருவத்தில் ஒரு படம், மூன்றாம் இலையில் ஒரு படம் எடுத்து, உறையின் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். பின்னால் செடி பூத்துப் பெயர் தெரிந்தபின், அந்தப் பழைய படங்கள்தான் எனக்குப் பாடம். அடுத்த தடவை அதே முளை தெருவில் தென்பட்டால் தெரிந்துவிடும்.

முதல் இலை லேசாகத்தான் பிளந்திருந்தது. அடுத்தடுத்து வந்தவற்றில் பிளவு ஆழமாகிக்கொண்டே போனது. ஆறாவது ஏழாவது இலையில் விரித்த உள்ளங்கை போல ஐந்து விரல், பிறகு ஏழு விரல். இரண்டு பக்கமும் ரோமம். மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி ஏற்றிவிட்டேன். ஆகஸ்டில் அந்த ரோமக் கிண்ணங்கள் வந்தன. உள்ளே மொட்டுகள் நெருக்கமாக. தினமும் காலையில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஈரத் துணியைப் பிழிந்து போட்டதுபோல வெள்ளையாக ஏதோ வாடிக் கிடக்கும். பூச்சி கடித்துவிட்டதோ, மழையில் அழுகியதோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், மழை வரும்போல இருக்கிறதே என்று துணி எடுக்க மாடிக்குப் போனால், அந்தக் கிண்ணங்களுக்கு மேலே மூன்று வெள்ளைப் பூக்கள். சின்னப் புனல் வடிவம். தூய வெள்ளை. துணியை மறந்துவிட்டேன், நனைந்துவிட்டது. தாளி வகைகளில் நான் அறிந்தவை எல்லாம் காலையில் பூப்பவை. இது மாலையில் விரிந்து விடிவதற்குள் வாடிவிடுகிறது.

கொடி, கை போன்ற இலை, மொட்டுகளைச் சுற்றிய ரோமக் கிண்ணம், மாலையில் பூக்கும் வெள்ளைப் பூ, கனிக்கு நான்கு விதை. இத்தனை விவரம் கையில் இருந்தால் பெயர் தேடுவது எளிது. நம் ஊரிலேயே அதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ஹெர்பேரியத்துக்கு ஜேசிபி என்று பெயர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஜேசுயிட் பாதிரியார் செசில் சல்தானாவின் முயற்சியில் சேர்ந்த உலர்செடித் தொகுப்பு அங்கே போய்ச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. கர்நாடகத் தாவரங்களைப் பற்றிய அவர்களுடைய தகவல்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது: ஐபோமியா பெஸ்-டைக்ரிடிஸ். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். பெஸ்-டைக்ரிடிஸ் என்றால் புலியின் பாதம்.

படத்தை வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“இது புலிச்சோவடிடா. கடலைக் கொல்லையில படர்ந்து கெடக்கும். களை வெட்டறப்ப கையெல்லாம் மொசுமொசுங்கும். இத எதுக்குடா மாடியில கட்டிவெச்சிருக்க?”

புலிச்சுவடி. புலியின் அடித்தடம். ஸ்வீடனில் இருந்தவர் வைத்த பெயரும் என் அம்மா சொல்லும் பெயரும் ஒன்றாக இருப்பது எப்படி என்று தேடினால் அதற்கும் வழி தெரிகிறது. மலபாரில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட், அங்கிருந்த வைத்தியர்களின் துணையோடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில் இந்தக் கொடி புலிச்சுவடி என்ற நம் பெயரோடேயே இருக்கிறது. நம் செடிகள் பலவற்றின் விவரம் லின்னேயஸுக்குக் கிடைத்தது அந்த நூல் வழியாகத்தான். ஆக, கடலைக் கொல்லையில் களை வெட்டியவர்கள் வைத்த பெயர் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ராமமூர்த்தி நகர் மாடிக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

பெயர் விஷயத்தில் பெங்களூரில் இருப்பது ஒரு கொடுப்பினை. பெரியவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு வித்தையை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் சொல்லின் முதலில் வரும் ப, கன்னடத்தில் ஹ ஆகும்: பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. அதனால் புங்க மரம் இங்கே ஹொங்கே. நம் வ அங்கே ‘பஸ்’ என்ற சொல்லில் வரும் ப ஒலியாக மாறும்: வேம்பு பேவு, விளா பேலா, வெட்பாலை பெப்பாலே. தும்பை தும்பே; எருக்கு எக்க. பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி ஒரு செடியின் பெயரைச் சொன்னால், நான் மனதுக்குள் இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். பல சமயம் ஒரு தமிழ்ப் பெயர் மேலே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் இது பலிக்காது. நம் சரக்கொன்றை அவர்களுக்குக் கக்கே, நொச்சி லக்கி. அப்போது இலையைக் கசக்கி முகர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லா விதையும் புலிச்சுவடி மாதிரி காத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நாவல் கொட்டையை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவது அதைக் கொல்வதற்குச் சமம். பழம் தின்ற ஈரம் காயும் முன் மண்ணுக்குள் போக வேண்டும்; பத்துப் பதினைந்து நாள் போனால் பெரும்பாலும் முளைக்காது. அது தெரியாமல் முதல் வருடம் முப்பது கொட்டைகளை நிழலில் அழகாக உலர்த்தி எடுத்துவைத்தேன், ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வருடம் உடனே ஊன்றினேன். ஒரே கொட்டையிலிருந்து மூன்று கன்று வந்தது! நாவலில் இது உண்டு, ஒரு விதைக்குள் பல கருக்கள். வேப்பங்கொட்டையும் அவசரக்காரன்தான், சில வாரங்களுக்குள் போட்டுவிட வேண்டும்.

சந்தனம் இரண்டிலும் சேராது. கன்னடத்தில் ஸ்ரீகந்த. 1792-இல் திப்பு சுல்தான் அரசுக்கு உரியதென்று அறிவித்த மரம். 2001-இல் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தும்வரை ஒருவருடைய சொந்த நிலத்தில் முளைத்தாலும் அவருக்குச் சொந்தமில்லாத மரம். இன்று பெங்களூரில் பழைய பங்களாக்களின் மதிலோரம், கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று போட்ட விதையிலிருந்து தானாக வந்த சந்தனக் கன்றுகள் நிற்கின்றன. கறுத்த பழத்தின் சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, இரண்டு மாதம் சும்மா வைத்திருக்க வேண்டும். அதுவரை அதற்கு உறக்கம். மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்லும் முறையில், ஜிப்பரெலிக் அமிலக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். நான் அது இல்லாமலே போட்டுப் பொறுமையாக இருந்தேன். முளைத்தது, நான்கைந்து மாதத்தில் வெளிறிச் செத்தது. தனியாக வைத்ததுதான் காரணம். சந்தன வேர், பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உறிஞ்சித்தான் வாழும். இரண்டாம் தடவை அதே தொட்டியில் பொன்னாங்கண்ணி வைத்து, பெரிய தொட்டிக்கு மாற்றியதும் ஒரு துவரைச் செடியும் போட்டேன். இப்போது மூன்று வருடக் கன்று, என் இடுப்பளவு.

பொடி விதைகளுக்கு, பூளை, தும்பை மாதிரியானவற்றுக்கு, மண்ணைப் போட்டு மூடவே வேண்டாம். ஈரமண்ணின் மேல் தூவி, ஸ்பிரேயரால் நனைத்தால் போதும். குவளையில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்து, நெருக்கமாக முளைத்து, நாற்றழுகல் வந்து ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். ஒரு தும்பைத் தொட்டி முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, குன்றிமணி. அழகான விதை, குழந்தைகள் கையில் எடுத்து விளையாடும். தோல் உடையாத வரையில் அந்த ஓடு விஷத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்தாலோ நசுக்கினாலோ அது உயிரைக் குடிக்கும் விஷம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்வரை நான் அதைத் தொடவே இல்லை. ஊமத்தையும் செங்காந்தள் விதையும் கிழங்கும் இதே கணக்கில்தான். இன்னொன்று, பெயர் தெரியாத விதையைத் தரையில் போடவே கூடாது, தொட்டியில் மட்டும்தான். நான் ஆசையாக வளர்த்த ஒன்று, கேரட் இலை மாதிரி அழகாக வெட்டு வெட்டாக வந்து, கடைசியில் பார்த்தீனியமாக இருந்தது. பூக்கும் முன் பிடுங்கினேன். உண்ணிச்செடி, தொட்டாற்சிணுங்கி, ஏன், சின்ன வயதில் முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் சாறு பிழிந்த வெட்டுக்காயப் பூண்டு, இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் பெயரில் நம் வைத்தியத்தில் ஊறிப்போன வெட்டுக்காயப் பூண்டைப் பற்றி இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நம்பவே முடியவில்லை. ஹெசரகட்டா போன்ற புல்வெளிகளில் விதைப்பந்து வீசப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதும் இதுதான். அங்கே புல்தான் காடு. மர விதையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

2023 பிப்ரவரியில் அந்த முள்கம்பி வேலி சைட்டுக்கு பொக்லைன் வந்தது. மனைக்குச் சொந்தக்காரர் வீடு கட்டுகிறார். அவர் இடம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே காலையில் துத்தி, தும்பை, கொவ்வை எல்லாம் செம்மண்ணோடு சேர்ந்து டிப்பர் லாரியில் ஏறிப் போனதைத் தெருவில் நின்று பார்த்தேன். மண்ணுக்குள் தோல் இளகாமல் காத்திருந்த புலிச்சுவடி விதைகளும் அதில்தான் போயிருக்கும். எங்கே கொட்டினார்களோ. அந்த வேலியிலிருந்து மிஞ்சியது என் மாடியில் இரண்டு தலைமுறை வளர்ந்த கொடியின் விதைகள் மட்டும். எண்ணிப் பார்த்தேன், 41 இருந்தன.

மே கடைசியில், பத்தை எனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டேன். பதினொன்றை உப்புத்தாளில் தேய்த்து மாடித் தொட்டிகளில் போட்டேன். மீதி இருபதையும் எடுத்துக்கொண்டு சைட் இருந்த தெருவின் கடைசிக்குப் போனேன். அங்கே ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயை ஒட்டிக் கம்பிவேலி ஓடுகிறது. யாரும் வீடு கட்ட முடியாத ஒரு முழ அகல நிலம் வேலியோரமாக இருக்கிறது. பெரியவரும் கூட வந்தார். களைக்கொத்தால் வேலியடியில் வரிசையாகக் கீறிக் கொடுத்தார். நான் ஓர் அடிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே போனேன்.

“தேய்ச்சீங்களா தம்பி?”

“இல்லைங்க ஐயா. இதெல்லாம் தேய்க்காமலே போடறேன்.”

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்.